தனியே பாடுகிறவர் தனியே எழுதவும் வேண்டுமா? வன்னிப் பாடகருக்கு ஒரு வேலைமுறை

வரியைத் தனியே எழுதுங்கள். மெட்டை இன்னொருவரோடு இருந்து முடியுங்கள். மூன்றாவது ஆள் வந்தால் எழுத விடாதீர்கள், கேட்க மட்டும் விடுங்கள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இருந்துகொண்டு தன் பெயரில் முதல் நாலைந்து பாட்டை வெளியிடப் போகிற பாடகருக்கு எங்கள் விடை இதுதான். இது எல்லாருக்கும் பொருந்தாது. வரி எழுதவே வராதவர், வாத்தியம் நன்றாகக் கையாளுகிறவர் ஆகியோரைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

பொப் உலகத்தில் இரண்டு வழியாலும் வென்றிருக்கிறார்கள். ரெய்லர் ஸ்விஃப்ட் 2010 இல் வெளியிட்ட மூன்றாவது தொகுப்பின் வழமைப் பதிப்பில் இருந்த 14 பாடல்களையும் துணை இல்லாமல் எழுதினார். பிறகு வந்த பெரிய வெற்றிகள் பலவற்றைப் பாடலாசிரியரும் தயாரிப்பாளருமான மக்ஸ் மார்ட்டின் போன்றவர்களோடு சேர்ந்து எழுதினார். எல்ரன் ஜோன் 1967 இலிருந்து பேர்னி ரோப்பின் எழுதிக் கொடுக்கும் வரிகளுக்கு மெட்டுப் போடுகிறார். வரி முதலில் வரும், மெட்டு பிறகு வரும், இருவரும் ஒரே அறையில் இருக்கத் தேவையில்லை. பில்லி ஐலிஷ் 2019 இல் வெளியிட்ட முதல் முழுத் தொகுப்பு, அவரும் அண்ணனும் பெற்றோர் வீட்டு அறையில் உருவாக்கியது. இவர்களிடம் பார்க்கவேண்டியது ஆட்களின் எண்ணிக்கையை விட வேலைப் பிரிவினை. யார் எதைச் செய்வது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பாட்டுகள் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் அது தெரியாமல் இருப்பதே காரணம்.

வரி ஏன் உங்கள் கையில் இருக்கவேண்டும்

தனிப் பாடகரை ஆட்கள் திரும்பக் கேட்பது அவர் கதைக்கிற விதத்துக்காக. நல்ல குரல் ஊருக்குப் பத்துப் பேரிடம் இருக்கும். சென்னையிலோ கொழும்பிலோ இருக்கிற ஒருவர் இணையவழி வரியைத் திருத்தித் தரும்போது முதலில் போவது இந்த விதம்தான். 'வாறன்' 'வரேன்' ஆகும், 'கதைக்காத' 'பேசாத' ஆகும், 'எங்கட' 'எங்க' ஆகும். ஒவ்வொன்றும் சின்ன மாற்றம்தான், ஆனால் முடிவில் பாட்டு யாருடையதும் இல்லை.

இது ஊர்ப்பற்றுப் பிரச்சினை மட்டும் இல்லை, மெட்டுக் கணக்கும் இதில் இருக்கிறது. சினிமாவில் வரும் 'போறேன்' என்பதில் இரண்டு நெடில். கடைசி அசையை இழுத்துப் பாடலாம். எங்கள் 'போறன்' என்பதில் கடைசி அசை குறுகி ஒற்றோடு முடிகிறது. அதை இழுத்தால் 'போறான்' என்று கேட்கும், நீங்கள் போவதாகச் சொன்னது வேறொருவன் போவதாக மாறிவிடும். சினிமா மெட்டை மனதில் வைத்து எங்கள் பேச்சை எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் இடறுகிறார்கள். தீர்வு எளிது. நீட்ட வேண்டிய இடத்தில் 'போறனே', 'போறனடி', 'போறனம்மா' என்று வாலைச் சேர்த்து, நீட்டத்தை வாலில் வையுங்கள். இல்லையென்றால் 'போறன்' வரியின் நடுவில் வருமாறு வரியைத் திருப்புங்கள்.

குறிலை நீட்டுவது இதைவிடப் பெரிய ஆபத்து. 'நிலம்' நீண்டால் 'நீலம்'. 'மனம்' நீண்டால் 'மானம்'. 'விடு' நீண்டால் 'வீடு'. வன்னியைப் பற்றிப் பாடுகிறவர் குளத்தைத் தொடாமல் இருக்கமாட்டார், ஆனால் 'குளம்' என்பதன் முதல் எழுத்தை இரண்டு தட்டுக்கு இழுத்துப் பாருங்கள், 'கூளம்' ஆகிவிடும். குறில் வருகிற இடத்தில் மெட்டுக் குறுகியதாக இருக்கவேண்டும், நீட்டம் அடுத்த நெடிலில் வரட்டும்: 'குளமே', 'நிலமே', 'மனசோட'.

'நேற்று', 'காத்து', 'பாத்து' போல வல்லினத்தோடு ஒட்டிய உகரத்தில் முடிகிற சொல்லை வரிக் கடைசியில் வைக்காதீர்கள். அந்த உகரம் இயல்பாகவே அரைகுறையாக ஒலிப்பது. இழுத்தால் 'நேற்றூ' என்று ஊளையாகும். ஆ, ஏ, ஓ மூன்றும் தொண்டையைத் திறந்து தரும் உயிர்கள், உச்ச சுரம் வரும் இடத்தில் இவற்றில் ஒன்று இருக்கும்படி பாருங்கள்.

எழுதும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். பாட்டு என்ன சொல்கிறது என்பதை ஒரே வசனத்தில், நண்பனுக்கு வட்ஸ்அப்பில் சொல்வதுபோல எழுதுங்கள். அந்த வசனம் வராவிட்டால் பாட்டு இன்னும் இல்லை. பிறகு கோரஸ் நாலு வரி. அதை வாய்விட்டுச் சொல்லி, சொல்லும்போதே தாளம் விழுகிறதா என்று மேசையில் தட்டுங்கள். அதற்குப் பிறகுதான் சரணம். இரண்டாவது சரணம் முதலாவதையே வேறு சொற்களில் சொன்னால் வெட்டிவிட்டு ஓர் இடம், ஓர் ஆள், ஒரு நேரம் என்று புதிதாக ஏதாவது ஒன்றைக் கொண்டுவாருங்கள். எதுகை மோனை வந்தால் நல்லது. அதற்காகப் பொருளை வளைத்தால், 'நிலவே' என்று ஒரு வரி முடிந்தால் அடுத்தது 'கனவே' என்றுதான் முடியும் என்பது கேட்கிறவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நீளத்தையும் முதலே கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில், நாலு தட்டுக்கு ஓர் அளவு என்றால், ஓர் அளவு கிட்டத்தட்ட 2.67 செக்கன். முன்னிசை 4 அளவு, சரணம் 16, கோரஸ் 8, சரணம் 16, கோரஸ் 8, இடைப்பகுதி 8, கடைசிக் கோரஸ் 8: மொத்தம் 68 அளவு, மூன்று நிமிடம் ஒரு செக்கன். ஒரு வரிக்கு இரண்டு அளவு கொடுத்தால் சரணத்துக்கு எட்டு வரி, கோரஸுக்கு நாலு. கொப்பியில் 14 வரிச் சரணம் இருந்தால் ஸ்ரூடியோவுக்குப் போக முன்னமே ஆறு வரியை வெட்டவேண்டும் என்று இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

மெட்டுக்கு ஏன் இன்னொருவர் வேண்டும்

தனியே மெட்டுப் போடுகிறவரின் குரல் தனக்குச் சுகமான நாலைந்து சுரங்களுக்குள்ளேயே சுற்றும். இது சோம்பல் இல்லை, தொண்டையின் பழக்கம். உங்களுக்கு இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கடைசியாகச் செய்த மூன்று பாட்டின் கோரஸ்களை ஒரே சுருதியில் அடுத்தடுத்து முணுமுணுங்கள். ஒன்றின் வரியை மற்றதன் மெட்டில் பிசகில்லாமல் பாட முடிந்தால், உங்களிடம் இருப்பது ஒரே பாட்டு. உடனே ஆள் தேடுங்கள்.

வரி முடிந்த பிறகும், உங்கள் சொந்த மெட்டு ஒன்று போனில் பதிவான பிறகும்தான் அந்த ஆளிடம் போகவேண்டும். மெட்டு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. வெறுங்கையோடு போனால் அவர் தன் மெட்டைத் தருவார், உங்கள் வரி அதற்குள் திணிக்கப்படும். ஒரு பதிவு இருந்தால் கதை அந்தப் பதிவைப் பற்றி நடக்கும்.

இருவரும் இருக்கும் நேரம் இரண்டு மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டாம். முதல் வேலை சுருதி. கோரஸின் உச்ச வரியை முழுக் குரலில் மூன்று தரம் அடுத்தடுத்துப் பாடுங்கள். மூன்றாம் தரம் தொண்டை இறுகினால் கீபோட்டின் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒவ்வொரு படியாக இறக்குங்கள். ஒலிப்பதிவுக்குச் சரியான இடத்தைவிட மேடைக்கு இன்னும் ஒன்று அல்லது இரண்டு படி இறக்கவேண்டி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். வாசிக்கிறவரின் விரலுக்கு வசதி என்பதற்காக எல்லாப் பாட்டையும் ஸி மேஜர் என்ற ஒரே சுருதியில் வைப்பது அடிக்கடி நடக்கிற பிழை.

அடுத்தது வேகம். நீங்கள் போனில் பாடிய வேகத்தைத் தட்டி எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அறையில் இருவரும் உற்சாகமாகி அதைவிட வேகமாகப் போய்விடுவீர்கள், பிறகு பாடும்போது மூச்சு எடுக்க இடம் இராது. அதன் பிறகே மெட்டு. சரணம் தாழ்ந்த சுரத்தில் நின்றால் கோரஸ் ஏறட்டும். சரணத்தில் சொல் நெருக்கமாக இருந்தால் கோரஸில் சொல் குறையட்டும். இரண்டு பகுதிக்கும் இடையில் இந்த வேறுபாடு இல்லாததால்தான் பல பாட்டுகளில் கோரஸ் வந்ததே தெரிவதில்லை.

முழு நேரமும் போன் பதிவில் ஓடட்டும். நல்ல மெட்டு பெரும்பாலும் யாரோ பிழையாகப் பாடுகிற நேரத்தில் வரும், அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. வந்தவர் மெட்டைத் தாராளமாக மாற்றலாம். வரியில் ஏதாவது உறுத்தினால் கோடு மட்டும் போடட்டும், மாற்றுச் சொல்லை நீங்கள் வீட்டில் போய்த் தேடுங்கள். இந்த ஒரு கட்டுப்பாட்டை முதலே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

காசு கொடுத்து எடுத்த ஸ்ரூடியோ நேரத்தில் பாட்டு எழுதவே வேண்டாம். மணிக்கூடு ஓடுகிற பயத்தில் முதலில் வந்ததையே சரி என்று சொல்லிவிடுவீர்கள்.

யாரோடு

இசை படிப்பித்த சேரோடோ ரீச்சரோடோ சேர்ந்து எழுதுவது பலருக்கும் முதலில் தோன்றும். அவர்களிடம் சுர ஞானம் இருக்கும், மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டாலே இடறிய இடத்தைச் சொல்லிவிடுவார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: அவர்கள் தந்த மெட்டை உங்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆகவே வேலையைச் சின்னதாக்கிக் கேளுங்கள். 'சேர், மெட்டு ஒண்டு போட்டிருக்கிறன். சுருதி விலகிற இடம் மட்டும் பாத்துச் சொல்லுங்கோ' என்று கேட்டால் அவரும் மகிழ்வார், பாட்டும் உங்களிடம் இருக்கும்.

திருவிழா இசைக்குழுவில் கீபோட் வாசிக்கிற அண்ணைதான் பெரும்பாலும் நல்ல துணை. நூற்றுக்கணக்கான பாட்டு அவருடைய கையில் இருக்கிறது, எந்த மெட்டு சனத்தைத் திருப்பிப் பார்க்க வைக்கும் என்று தெரியும். அதே காரணத்தால் அவருடைய விரல் தெரிந்த சினிமாப் பாட்டுக்குத்தான் முதலில் போகும். 'அண்ணை, இது எங்கயோ கேட்ட மாதிரிக் கிடக்கு' என்று கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய உறவு இருந்தால் மட்டும் அவரோடு இருங்கள்.

கூத்து மெட்டை எடுக்க விரும்புகிறவர்கள் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம் நேரே போங்கள். யூரியூப் பதிவைக் கேட்டு எடுத்தால் வட்டக்களரியில் (வட்டமான ஆடுகளத்தில்) ஆடிப் பாடும்போது வருகிற நிறுத்தங்களும் ஓட்டங்களும் தப்பிவிடும். கோவலன் கூத்தின் மெட்டுகள், அருவி வெட்டுப் பாட்டு, சூடு மிதிக்கும் பொலிப்பாட்டு எல்லாம் வேலையும் ஆட்டமும் சேர்ந்த தாளத்தில் பிறந்தவை. பல 'தகிட தகிட' என்று மூன்றாக நடக்கும். பீட் (பின்னணித் தாள இசை) செய்கிற தம்பி கணினியில் கைக்கு வந்த நாலுதட்டு லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடுகிற தாளத் துண்டை, அடியில் போட்டுவிடுவார், அந்த நேரம் மெட்டு நொண்டும், பிழை பாடகர் மேல் விழும். லூப் தேடும்போது 'ஆறு எட்டு' (6/8) தாளம் என்று கேட்டுத் தேடச் சொல்லுங்கள். அண்ணாவியாரை வரி எழுதக் கேட்க வேண்டாம். அவருடைய பா வேறு, பொப் பாட்டின் வரி வேறு, இரண்டையும் ஒட்டினால் இரண்டும் கெடும்.

வெளிநாட்டில் இருக்கிற மச்சானோடு செய்வதென்றால் நேரத்தை முதலே பேசுங்கள். ரொறன்ரோ கோடையில் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தியது, குளிர்காலத்தில் பத்தரை. லண்டன் நாலரை, ஐந்தரை. எங்கள் இரவு எட்டு மணி அங்கே வேலை நேரமாக இருக்கலாம். குரலை வட்ஸ்அப் வொய்ஸ் ஆக அனுப்பினால் அது நசுக்கப்பட்டுத்தான் போகும். டொக்குமென்ற் ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். 48 கிலோஹேட்ஸ், 24 பிற் தரத்தில் நசுக்காமல் பதிந்த ஒற்றைத் தடக் குரல் (மோனோ) நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்பி, மூன்று நிமிடத்துக்கு 26 எம்பி. பத்துத் தடம் (தனித்தனியே பதிந்த குரலும் வாத்தியமும்) என்றால் 260 எம்பி, டேற்றாவை அதற்கேற்பப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாத் தடமும் பாட்டின் முதல் செக்கனிலிருந்தே தொடங்கவேண்டும், நீங்கள் இரண்டாம் நிமிடத்தில்தான் பாடினாலும் முன்னாலுள்ள அமைதியோடு சேர்த்து அனுப்புங்கள். வெட்டி அனுப்பினால் அங்கே பொருத்துகிறவர் ஊகத்தில் ஒட்டுவார். கோப்பின் பெயரில் வேகமும் பதிப்பு இலக்கமும் இருக்கட்டும், 'கடைசி', 'கடைசிக்கடைசி' என்று பெயர் வைத்தால் இரண்டு கிழமையில் எது எது என்று ஒருவருக்கும் தெரியாது.

தகரக் கூரை வீட்டில் குரல் பதிகிறவர்கள் மாரியிலும் கச்சான் காற்று அடிக்கிற நாட்களிலும் நாளை முன்கூட்டி உறுதிசெய்யாதீர்கள். அவ்வளவுதான், அதற்கு வேறு வைத்தியம் இல்லை.

வரி எழுதவே வராதவர் இந்த வழியைத் திருப்பிப் போடலாம். ஒரே வசனத்தையும் கோரஸின் முதல் வரியையும் நீங்கள் வாயால் சொல்லுங்கள், மிச்சத்தை எழுதுகிறவரிடம் கொடுங்கள், வந்த வரியை உங்கள் வாய்க்கு வருகிற மாதிரிச் சொல்லிப் பார்த்துத் திருத்துங்கள். எழுதியவர் பெயர் பாடலாசிரியராகப் போகவேண்டும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். கிற்றாரோ கீபோட்டோ நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் முழுவதையும் தனியே செய்யலாம். அவருக்கும் கேட்கிற மூன்றாவது ஆள் வேண்டும்.

அந்த மூன்றாவது ஆள் இசை தெரியாதவராக இருப்பது நல்லது. வரியைக் கையில் கொடுக்காமல் ஒரு தரம் மட்டும் போட்டுக் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள். பாட்டு எதைப் பற்றியது? எந்த வரி நினைவில் நிற்கிறது? எந்த இடத்தில் கவனம் போனது? 'நல்லாயிருக்கு' என்ற பதிலைக் கணக்கில் எடுக்க வேண்டாம், எங்கட சனம் முகத்துக்கு நேரே வேறு ஒன்றும் சொல்லாது. நினைவில் நிற்பதாக அவர் சொல்கிற வரி கோரஸில் இல்லாவிட்டால் அதைக் கோரஸுக்குக் கொண்டுவாருங்கள்.

பங்கு

பாட்டு ஓடாவிட்டால் ஒருவரும் பங்கு கேட்கமாட்டார்கள். ஓடினால்தான் கேள்வி வரும், அப்போது பேசத் தொடங்கினால் நட்புப் போகும். ஆகவே மெட்டு முடிந்த அன்றைக்கே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

இரண்டு சொத்தைப் பிரித்துப் பாருங்கள்: வரியும் மெட்டும் சேர்ந்த பாட்டு ஒன்று, அதன் ஒலிப்பதிவு மற்றது. பாட்டில் வரிக்கு 50, மெட்டுக்கு 50 என்பது பரவலான வழக்கம். வரி முழுவதும் உங்களுடையது, மெட்டில் பாதி உங்களுடையது, மற்றப் பாதி கீபோட் அண்ணையுடையது என்றால் உங்களுக்கு 75, அவருக்கு 25. ஒலிப்பதிவுக்குச் செலவழித்தவர் யார், அதன் வருமானம் யாருக்கு என்பதைத் தாளில் தனியாக எழுதவேண்டும். பீட் செய்தவருக்குக் கூலி கொடுத்துவிட்டால் பங்கு இல்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டால் அதையும் எழுதுங்கள். அதிகம் சண்டை வருவது முன்னிசையில்தான். அவர் வாசித்த நாலு சுரம் பாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டால் அது மெட்டா, வாசிப்பா? இதற்குப் பொது விடை இல்லை, நீங்கள் இருவரும் முதலே முடிவெடுக்கவேண்டியது.

இலங்கையில் இதற்குரியது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். படைத்த கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, எங்கும் பதியத் தேவையில்லை. ஆக்கியவர் வாழும் காலமும் அதற்குப் பிறகு 70 ஆண்டும் அது நிற்கும். கூட்டாக ஆக்கியது என்றால் கடைசியாக இறப்பவரிலிருந்து 70 ஆண்டு. பொருளாதார உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்றுவது எழுத்தில், இரு தரப்பும் ஒப்பமிட்டு இருக்கவேண்டும். 'அவன் வாயால் தந்தவன்' என்பது அந்த நேரம் உதவாது.

தாளில் இருக்கவேண்டியவை: பாட்டின் பெயர், திகதி, அடையாள அட்டையில் உள்ளபடி எல்லாருடைய பெயர், யார் எதைச் செய்தார், வீதம், செலவு யாருடையது, யூரியூப்பிலும் மற்றத் தளங்களிலும் ஏற்றுவது யார், ஒருவர் விலகினாலோ வெளிநாடு போனாலோ முடிவெடுப்பது யார், ஒப்பம். தமிழில் ஒரு பக்கம் போதும். 18 வயதுக்குக் குறைந்தவர் இருந்தால் தாய் தகப்பனின் ஒப்பமும் வேண்டும். படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புங்கள்.

இணையத்தில் 'ஃப்ரீ' என்று கிடக்கிற பீட்டை எடுத்துப் பாடுவதும் ஒரு கூட்டு வேலைதான், முகம் தெரியாத ஆளோடு. பலதும் வருமானம் இல்லாத பாவனைக்கு மட்டும் இலவசம். காசு கொடுத்து எடுத்தாலும் உங்களுக்கு மட்டுமான உரிமையை வாங்காவிட்டால் அதே பீட்டில் வேறு பத்துப் பேர் பாடியிருப்பார்கள், அவர்களில் ஒருவர் முந்திப் பதிந்திருந்தால் உங்கள் யூரியூப் காணொளிக்கு உரிமைக் கோரல் வரும். உரிமப் பத்திரத்தைப் பதிவிறக்கி வைத்திருங்கள்.

மரபு மெட்டுக்கு 'இசை' என்று உங்கள் பெயரைப் போட வேண்டாம். நாட்டார் வெளிப்பாடுகளையும் அதே சட்டம் பாதுகாக்கிறது, பகிரங்கப்படுத்தும்போது அது எந்தச் சமூகத்தில் அல்லது இடத்தில் இருந்து வந்தது என்று குறிப்பிடச் சொல்கிறது. வழமையான சூழலுக்கு வெளியே வணிகத்துக்கு எடுக்கிறவர்கள் வெளியிட முன்னம் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். விபரப் பகுதியில் 'மெட்டு: முல்லைத்தீவுக் கூத்து மரபு, சொல்லித் தந்தவர் இன்னார், புதிய வரி: இன்னார்' என்று போடலாம். சொல்லித் தந்தவரின் பெயரை அவரிடம் கேட்டுப் போடுங்கள்.

பாட்டை ஸ்பொட்டிஃபை போன்ற இடங்களுக்கு அனுப்புகிற விநியோகத் தளத்தில் ஏற்றும்போது பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற இரண்டு பெட்டியிலும் தாளில் உள்ள பெயர்களே, அதே எழுத்துக்கூட்டலில் வரட்டும். தளம் தருகிற ஐஎஸ்ஆர்சி குறியீட்டையும் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய, எழுத்தும் இலக்கமுமாக 12 இடமுள்ள அடையாளம்) அந்தத் தாளிலேயே குறித்து வையுங்கள். பிறகு வேறு விநியோகத் தளத்துக்கு மாறி அதே பதிவைத் திரும்ப ஏற்றினால் பழைய குறியீட்டையே கொடுங்கள். புதிதாக எடுத்தால் தளங்கள் அதை வேறொரு பதிவாகப் பார்க்கும், இதுவரை கேட்டவர்களின் எண்ணிக்கை பழையதோடு நின்றுவிடலாம். குரலைத் திரும்பப் பாடுவது, பீட்டை மாற்றுவது போலப் பதிவே மாறினால் மட்டும் புதுக் குறியீடு.